லீஸ் ஆப்ஷன் டீல்: கடைசி நாள்ல இருந்து பின்னாடி எழுதிக்கிட்டு வரணும்

போன மாசம் ஒரு நண்பர் தன்னோட வீட்டை லீஸ் ஆப்ஷன்ல விடப்போறேன், கொஞ்சம் பாத்து சொல்லுன்னு அக்ரிமெண்ட் டிராஃப்ட் அனுப்பி வச்சாரு. பன்னெண்டு பக்கம். லேட் ஃபீ எவ்வளவு, நாய் வளக்கலாமா, புல்லு யாரு வெட்டணும் எல்லாம் விலாவாரியா இருக்கு. ஆனா குடிவர்றவரு எப்போ, எந்த மாதிரி லோன் எடுத்து இந்த வீட்டை வாங்கப்போறாருன்னு ஒரு வரி கூட இல்ல. சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா என்னோட முதல் டீலும் அச்சு அசல் இப்படித்தான் இருந்துச்சு. அவருக்கு ஃபோன்ல ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயத்தை தெளிவா சொல்லிடறேன். நம்ம ஊர்ல லீஸ்னா ஒத்தி, மொத்தமா ஒரு தொகைய குடுத்துட்டு வாடகை இல்லாம இருந்துட்டு, காலி பண்ணும்போது அந்தத் தொகைய திருப்பி வாங்கிக்கிறது. நான் சொல்றது அது இல்ல. அமெரிக்கால லீஸ்னா வெறும் வாடகை ஒப்பந்தம். அதோட சேத்து "இந்த வீட்டை இந்தத் தேதிக்குள்ள இந்த விலைக்கு வாங்கிக்கிற உரிமை உனக்கு உண்டு"ன்னு ஒரு ஆப்ஷன் எழுதிக் குடுத்தா அதுதான் லீஸ் ஆப்ஷன். அந்த உரிமைக்கு அவரு முன்னாடியே ஒரு காசு கட்டுவாரு, அது ஆப்ஷன் ஃபீ. வாங்கினா விலைல கழிச்சுக்கலாம், வாங்கலேன்னா போனது போனதுதான். இதுல ஓனர் கட்டுப்பட்டவரு, குடியிருக்கிறவரு கட்டுப்பட்டவரு இல்ல. பிடிக்கலேன்னா விட்டுட்டு போயிடலாம். லீஸ் பர்ச்சேஸ்னு இன்னொன்னு இருக்கு, அதுல ரெண்டு பேரும் கட்டுப்பட்டவங்க, வாங்கியே ஆகணும். பேரு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கிறதால பலபேரு ரெண்டையும் குழப்பிக்கிறாங்க, ஆன்லைன்ல கிடைக்கிற டெம்ப்ளேட்ல கூட தலைப்பு ஒண்ணு, உள்ள இருக்கிறது இன்னொண்ணு.

சரி, என் கதை. நார்த் கரோலினால ஒரு டவுன்ஹவுஸ்ல நாங்க குடும்பமா பல வருஷம் இருந்தோம். குழந்தைங்க வளந்ததும் பெரிய வீட்டுக்கு மாறினோம், ஒரு ஜூன் மாசம் 20-ம் தேதி சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. இந்தத் தேதிய ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும். பழைய வீட்டை ஒம்பது மாசம் சும்மா வாடகைக்கு விட்டேன், அவங்க காலி பண்ணதுக்கப்புறம் ஒருத்தரு வந்தாரு. டிரக் ஓட்டுறவரு, கம்பெனில வேலை பாத்துக்கிட்டு இருந்தவரு அந்த வருஷம் ஜனவரில சொந்தமா வண்டி வாங்கி தனியா தொழில் ஆரம்பிச்சிருந்தாரு. நல்ல வருமானம், கிரெடிட் ஸ்கோரும் பரவால்ல, ஆனா எந்த லெண்டரும் லோன் குடுக்கல. காரணம் சிம்பிள். சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு பொதுவா ரெண்டு வருஷ டாக்ஸ் ரிட்டர்ன் கேப்பாங்க. அவருகிட்ட ரெண்டு மாச ரசீதுதான் இருந்துச்சு.

லீஸ் ஆப்ஷன் யாருக்குன்னு கேட்டா இந்த மாதிரி ஆளுக்குத்தான்னு சொல்லுவேன். வீடு வாங்குற தகுதி இருக்கு, பேப்பர்ல அது தெரிய இன்னும் கொஞ்ச காலம் ஆகும், அவ்வளவுதான். கிரெடிட் சுத்தமா கெட்டுப்போயி, கடன் கழுத்து வரைக்கும் இருக்கிறவங்கள உள்ள விட்டு, "ரெண்டு வருஷத்துல சரியாயிடும்"னு ஆப்ஷன் ஃபீ வாங்குறது வேற விஷயம். அப்படி பண்றவங்கள எனக்குத் தெரியும், ஒருத்தரு வாங்க முடியாம போனா அந்த ஃபீய வச்சுக்கிட்டு அடுத்த ஆள உக்கார வச்சு திரும்பவும் ஃபீ வாங்குறதுதான் அவங்க கணக்கே. நல்ல வருமானம்னு மார்தட்டிக்குவாங்க. எனக்கு அது பொறி வச்சு எலி பிடிக்கிற வேலையாத்தான் தெரியுது.

எங்க கணக்கு இப்படி. அன்னிக்கு வீட்டோட மார்க்கெட் விலை சுமாரா 270,000 டாலர். ரெண்டு வருஷம் கழிச்சு என்ன இருக்கும்னு ரெண்டு பேரும் உக்காந்து குத்துமதிப்பா போட்டு ஆப்ஷன் விலை 285,000-னு முடிவு பண்ணோம். ஆப்ஷன் ஃபீ 3 சதவீதம், 8,550. வாடகை மாசம் 1,900. அதுல மாசா மாசம் 300 டாலர் ரெண்ட் கிரெடிட், அதாவது கடைசில வாங்கும்போது அந்தத் தொகை அவரு கணக்குல சேரும். 24 மாசத்துக்கு 7,200. ஏப்ரல் 1 ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு மார்ச் 31-ல முடியுது. அவரு மனைவி ஒரு நோட்டுல கூட்டிப் பாத்தாங்க: 8,550-ம் 7,200-ம் சேந்து 15,750. 285,000-க்கு 5 சதவீதம் டவுன் பேமெண்ட்னா 14,250 தான். "அப்போ டவுன் பேமெண்ட் ஆயிருச்சு, மேல இருக்கிறது க்ளோசிங் செலவுக்கு"ன்னு சந்தோஷமா சொன்னாங்க (க்ளோசிங்னா காசு கட்டி வீட்டுப் பத்திரம் கைமாறுற நாள்). நானும் ஆமான்னு தலைய ஆட்டினேன். அந்த நோட்டுல இருந்த கணக்குல கூட்டல் தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா லெண்டரு அப்படிக் கூட்ட மாட்டாருன்னு எங்க யாருக்கும் தெரியாது.

ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. வாடகை ஒழுங்கா வந்துச்சு, வீட்டை என்னை விட நல்லா பாத்துக்கிட்டாங்க. பிப்ரவரி கடைசில லோனுக்கு அப்ளை பண்ணாரு. ரெண்டு வாரத்துல அண்டர்ரைட்டர், அதாவது லோன் குடுக்கலாமான்னு பரிசீலிக்கிறவரு கிட்ட இருந்து ஒரு லிஸ்ட் வந்துச்சு, அவரு அதை அப்படியே எனக்கு ஃபார்வர்ட் பண்ணாரு. கடைசி 12 மாச வாடகை கட்டினதுக்கு பேங்க் ஆதாரம். ஆப்ஷன் ஃபீ கட்டின செக்கோட காப்பி, அது அவரு அக்கவுண்ட்ல இருந்து போனதுக்கு ஸ்டேட்மெண்ட். ரெண்டு வருஷ டாக்ஸ் ரிட்டர்ன், ஃபைல் பண்ணது. அப்புறம் ஒரு வரி, வீட்டுக்கு மதிப்பு போடுற அப்ரைசர் அந்த வீட்டுக்கு என்ன மார்க்கெட் வாடகை போடுறாரோ அது வந்தப்புறம்தான் ரெண்ட் கிரெடிட் எவ்வளவுன்னு சொல்லுவோம்.

அந்தக் கடைசி வரிதான் ஆள அடிச்சது. லெண்டருங்க குடுக்கிற வீட்டு லோனை வாங்கிக்கிற ஃபேனி மேங்கிற நிறுவனத்தோட விதிப்படி, கடைசி 12 மாசத்துல மார்க்கெட் வாடகைக்கு மேல எவ்வளவு கட்டினீங்களோ அந்த மிச்சத்தை மட்டும்தான் டவுன் பேமெண்ட்டுக்கு கிரெடிட்டா எடுத்துக்குவாங்க. அவங்க பார்வைல அதுல நியாயம் இருக்கு. மார்க்கெட் ரேட்டுக்கு வாடகை வாங்கிட்டு அதுல ஒரு பங்கை கிரெடிட்னு எழுதினா, அது வாங்குறவரு சேத்து வச்ச காசு இல்ல, விக்கிறவரு விலைய குறைக்கிறாரு, அவ்வளவுதான். அப்ரைசர் போட்ட மார்க்கெட் வாடகை 1,875. நாங்க வாங்கினது 1,900. ஆக மாசத்துக்கு 25 டாலர், 12 மாசத்துக்கு 300. ஏழாயிரத்து இருநூறு முந்நூறா சுருங்கிப் போச்சு.

அதோட விட்டுச்சா? வீட்டோட அப்ரைசல் 279,000-னு வந்துச்சு, எங்க விலை 285,000. லெண்டரு ரெண்டுல எது கம்மியோ அதை வச்சுத்தான் லோன் கணக்கு போடுவாரு, நடுவுல இருக்கிற 6,000-த்தை வாங்குறவரு கைல இருந்துதான் போடணும். அதுக்கு மேல ரெண்டாவது வருஷ டாக்ஸ் ரிட்டர்ன் இன்னும் ஃபைலே ஆகல. அவரு அக்கவுண்டண்ட் ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் வரைக்கும் எக்ஸ்டென்ஷன் வாங்குற பழக்கம் உள்ளவரு. எங்க ஆப்ஷன் மார்ச் 31-ல முடியுது, ரிட்டர்ன் ஃபைல் பண்ற கெடு சாதாரணமாவே ஏப்ரல் 15. அதாவது நாங்க ரெண்டு வருஷம்னு ரவுண்டா போட்டோமே, அது அவருக்குத் தேவையான ரெண்டாவது ரிட்டர்ன் வர்றதுக்கு பதினஞ்சு நாள் முன்னாடியே முடிஞ்சுடுது. இவ்வளவு பக்கம் எழுதினோம், காலண்டரை யாரும் எடுத்துப் பாக்கல.

ஷெட்யூல் சி, அதாவது டாக்ஸ் ரிட்டர்ன்ல சொந்தத் தொழில் கணக்கு காட்டுற ஃபாரம், வேற தனித் தலைவலி. சொந்தத் தொழில் பண்றவங்க டாக்ஸ் கம்மியா கட்டணும்னு எல்லா செலவையும் எழுதி நிகர வருமானத்தை தரைமட்டத்துக்கு கொண்டு வந்துடுவாங்க, லெண்டரு பாக்கிறது அந்த நிகர வருமானத்தைத்தான். முதல் வருஷம் இவரு காட்டின லாபத்துக்கு கார் லோன் கூட கிடைக்காது. நல்லவேளை அதுல பெரும்பகுதி டிரக்கோட தேய்மானம், தேய்மானத்தை லெண்டரு திருப்பி வருமானத்துல கூட்டிக்குவாரு, அதனால தப்பிச்சாரு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவங்க கிச்சன் டேபிள்ல, அதாவது ஒரு காலத்துல எங்க கிச்சனா இருந்த இடத்துல, மூணு பேரும் உக்காந்தோம். அவரு மனைவி அந்தப் பழைய நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. அவரு ஒண்ணும் பேசல, கால்குலேட்டரை தட்டிக்கிட்டே இருந்தாரு. அவங்கதான் கேட்டாங்க, "அண்ணா, அந்த 300 உங்களுக்கு வேணாம்னுதானே எழுதிக் குடுத்தீங்க, லெண்டரு அதை எங்க காசா எடுத்துக்கலேன்னா உங்க விலைலயே குறைச்சுடலாமே?"ன்னு. ரெண்டு செகண்ட் முழிச்சேன். 285,000-ல 7,200 போனா 277,800. எனக்கு கைல வர்றது முன்னாடியும் அதேதான், இப்பவும் அதேதான். ஆனா விலை 277,800 ஆனா அப்ரைசல் 279,000-க்குள்ள வந்துடுது, அந்த 6,000 ஓட்டை அப்படியே அடைஞ்சு போகுது. 5 சதவீதம்னா 13,890, அதுல ஆப்ஷன் ஃபீ 8,550 ஏற்கனவே இருக்கு, பாக்கி 5,340-ம் க்ளோசிங் செலவும் அவங்க சேமிப்புல இருந்துச்சு. நான் ரெண்டு வருஷமா ரியல் எஸ்டேட் மீட்டிங் எல்லாம் போயி கத்துக்காததை அவங்க அந்த நோட்டை வச்சே கண்டுபிடிச்சாங்க.

வக்கீலை வச்சு அமெண்ட்மெண்ட் எழுதினோம், ரெண்ட் கிரெடிட்டை எடுத்துட்டு விலைய குறைச்சு. பழைய அக்ரிமெண்ட், அமெண்ட்மெண்ட் ரெண்டையும் லெண்டருக்கு அனுப்பினோம். இதுல எதையும் ஒளிக்கக் கூடாது, ஒளிச்சா அது மோசடி, அந்தப் பக்கமே போகாதீங்க. இப்போ நான் எழுதுற எந்த ஆப்ஷன்லயும் ரெண்ட் கிரெடிட்ங்கிற வார்த்தையே கிடையாது. ஒழுங்கா கட்டின ஒவ்வொரு மாசத்துக்கும் ஆப்ஷன் விலை இவ்வளவு குறையும்னு ஒரு அட்டவணை வச்சுடறேன். இல்ல கிரெடிட்தான் வேணும்னு அடம் பிடிச்சாங்கன்னா மார்க்கெட் வாடகைக்கு மேல உண்மையாவே கூடுதலா கட்டணும், ஆரம்பத்துலயே மார்க்கெட் வாடகை என்னன்னு ஒரு ஆதாரம் வச்சுக்கணும், குறைஞ்சது 12 மாசத்துக்கு கட்டினது எல்லாம் பேங்க் வழியா போயிருக்கணும். கைல காசா குடுத்து ரசீது வாங்கினது லெண்டருகிட்ட காத்துல எழுதின கணக்கு. இவரும் மூணு மாசம் எனக்கு கேஷா குடுத்திருந்தாரு, முதல் வருஷத்துல குடுத்ததால தலை தப்பிச்சுது.

டாக்ஸ் ரிட்டர்ன் தயாராக அவருக்கு டைம் வேணும், 90 நாள் நீட்டிப்பு கேட்டாரு. இங்கதான் அந்த ஜூன் 20. குடியிருந்த வீட்டை விக்கும்போது, வித்த தேதிக்கு முந்தின அஞ்சு வருஷத்துல குறைஞ்சது ரெண்டு வருஷம் அது உங்க சொந்த வீடா இருந்து நீங்க அதுல குடியும் இருந்திருந்தா லாபத்துல தனி ஆளுக்கு 250,000, கணவன் மனைவி சேந்து ஃபைல் பண்ணா 500,000 டாலர் வரைக்கும் ஃபெடரல் டாக்ஸ் கிடையாது. செக்‌ஷன் 121-னு சொல்லுவாங்க. அதாவது வீட்டை விட்டு வெளிய வந்து மூணு வருஷத்துக்குள்ள விக்கணும். நான் வெளிய வந்து ஒம்பது மாசத்துக்கு மேல ஏற்கனவே வாடகைல போச்சு, ஆப்ஷன் 24 மாசம், மார்ச் 31 அன்னிக்கு மூணு வருஷம் முடிய ரெண்டு மாசமும் இருபது நாளும்தான் பாக்கி. அவரு கேட்ட 90 நாள் குடுத்தா ஜூன் 29. ஒம்பது நாள் தாண்டினா மொத்த விலக்கும் போச்சு. ஆப்ஷன் எழுதிக் குடுத்த தேதி இதுக்கு கணக்கு இல்ல, உண்மையான விற்பனை தேதிதான் கணக்கு. 60 நாள் குடுத்தேன், மே 30. அவருக்கு காரணத்தையும் மறைக்காம சொன்னேன், அவரு அன்னிக்கே அக்கவுண்டண்ட்டை கூப்பிட்டு எக்ஸ்டென்ஷன் கிக்ஸ்டென்ஷன் எல்லாம் வேணாம், இந்த மாசமே ஃபைல் பண்ணுன்னு சொல்லிட்டாரு. வாடகைக்கு விட்ட காலத்துல நான் எடுத்த தேய்மானம் இந்த விலக்குல வராது, அதுக்கு டாக்ஸ் கட்டினேன். அது தனிக்கதை.

ஆப்ஷன் ஃபீக்கு டாக்ஸ் எப்போன்னு நண்பர் கேட்டாரு. வாங்குன வருஷத்துல வருமானமா காட்டத் தேவையில்ல. ஆப்ஷன் முடிவு தெரியிற வரைக்கும் அது அந்தரத்துல நிக்கும். அவரு வீட்டை வாங்கினா விலையோட ஒரு பகுதி, வாங்காம காலாவதியானா அந்த வருஷம் சாதாரண வருமானம். ஆனா இதுக்கு அது நிஜமாவே ஆப்ஷன் ஃபீயா இருக்கணும். "வாங்கலேன்னா திருப்பித் தர்றேன்"னு எழுதினீங்கன்னா அது டெபாசிட். நார்த் கரோலினால வீட்டு வாடகை டெபாசிட்டை தனியா டிரஸ்ட் அக்கவுண்ட்ல போட்டு வைக்கணும் இல்ல அதுக்கு பாண்ட், அதாவது உத்தரவாதப் பத்திரம், வாங்கணும், ஒரு மாசத்துக்கு மேல போற லீஸ்னா ரெண்டு மாச வாடகைக்கு மேல வாங்கவும் கூடாது. அதனால டெபாசிட் தனி, ஆப்ஷன் ஃபீ தனி, ரெண்டுக்கும் தனித்தனி செக்.

அதே மாதிரி லீஸும் ஆப்ஷனும் தனித்தனி டாக்குமெண்ட். இது அழகுக்காக சொல்றது இல்ல. குடியிருக்கிறவரு பெரிய தொகையா ஃபீ கட்டி, மாசா மாசம் விலைல கழிஞ்சுக்கிட்டே வந்து, ப்ராப்பர்ட்டி டாக்ஸும் அவரே கட்டி, கூரை ரிப்பேரும் அவரே பண்ணாருன்னா, நாளைக்கு தகராறு வந்து கோர்ட்டுக்கு போகும்போது ஜட்ஜ் "இவரு டெனண்ட் இல்ல, வீட்டை தவணைல வாங்கிக்கிட்டு இருக்கிறவரு"ன்னு சொல்லிட வாய்ப்பு இருக்கு. அப்புறம் டெனண்ட்டை காலி பண்ண வைக்கிற எவிக்‌ஷன் கிடையாது, கடன் கட்டாத வீட்டை பறிமுதல் பண்ற ஃபோர்க்ளோஷர் மாதிரி நீளமான வழிலதான் போகணும். நான் பெரிய ரிப்பேர் எல்லாம் என் தலைலயே வச்சுக்கிட்டேன். "அவருதானே வாங்கப்போறாரு, அவரே பாத்துக்கட்டும்"னு தள்ளிவிடுறவங்க நிறைய. ஆனா குடியிருக்கத் தகுதியா வீட்டை வச்சிருக்கிறது வாடகைக்கு விடுறவரோட கடமை, அதை ஒரு கையெழுத்துல தூக்கிப் போட முடியாது. சின்னச் சின்ன வேலை, புல்லு, ஃபில்டர் மாத்துறது இதெல்லாம் அவங்க பாத்துக்கிட்டாங்க.

இன்சூரன்ஸை மறந்துடாதீங்க. சொந்தமா குடியிருக்கும்போது போட்ட பாலிசி வாடகைக்கு விட்டா செல்லாம போகலாம், லேண்ட்லார்ட் பாலிசிக்கு மாத்தணும், உள்ள இருக்கிறவரு தன் சாமானுக்கு தனியா ரெண்டர்ஸ் இன்சூரன்ஸ் எடுக்கணும். வீடு 1978-க்கு முன்னாடி கட்டினதுன்னா ஈயப் பெயிண்ட் பத்தின டிஸ்க்ளோஷர் ஃபெடரல் சட்டப்படி குடுக்கணும்.

அடுத்தது பலபேரு கேக்க விரும்பாத விஷயம், உங்க வீட்டு மேல ஏற்கனவே இருக்கிற லோன். 1982-ல வந்த கார்ன் செயிண்ட் ஜெர்மெய்ன் சட்டம், வீட்டை கைமாத்தினா மொத்தக் கடனையும் உடனே கட்டுன்னு லெண்டரு கேக்கிற உரிமைய உறுதிப்படுத்துச்சு. சாதாரணமா வாடகைக்கு விட்டா பிரச்சனை இல்ல, மூணு வருஷம் வரைக்கும் உள்ள லீஸுக்கு விலக்கு உண்டு. ஆனா அந்த விலக்கு வாங்குற ஆப்ஷன் இல்லாத லீஸுக்கு மட்டும்தான்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. ஆக லீஸ் ஆப்ஷன் போட்டா லெண்டரு நினைச்சா கடனை திருப்பிக் கேக்கலாம். மாசத் தவணை ஒழுங்கா போற வரைக்கும் பெரும்பாலும் கண்டுக்க மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அப்படி நம்பித்தான் பண்ணேன். ஆனா அது நம்பிக்கை, உரிமை இல்ல. கேட்டா கட்டுறதுக்கு வழி இருக்கான்னு யோசிச்சுட்டு இறங்கணும்.

இதையே குடியிருக்கிறவரு பக்கத்துல இருந்து பாருங்க. அவரு எனக்கு ஒழுங்கா வாடகை கட்டுறாரு, நான் அதை பேங்க்ல கட்டாம வேற எதுக்கோ செலவு பண்ணிட்டா? இல்ல எனக்குத் தெரியாமலே என் மேல ஒரு கடன் தீர்ப்பு வந்து வீட்டு மேல லியன், அதாவது கடன்காரரோட பாத்தியதை, உக்காந்துட்டா? ரெண்டு வருஷம் கழிச்சு அவரு வாங்க வரும்போது டைட்டில் நாறிக் கிடக்கும். அதுக்குத்தான் ஆப்ஷன் மெமோரண்டத்தை, அதாவது இப்படி ஒரு ஆப்ஷன் இருக்குன்னு சொல்ற சுருக்கப் பத்திரத்தை, கவுண்டி பத்திரப்பதிவு ஆபீஸான ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ்ல பதிவு பண்றது, அதுக்கப்புறம் யாரு அந்த வீட்டுல கை வச்சாலும் இவரு உரிமை ஏற்கனவே அங்க நிக்குது. நார்த் கரோலினால 2010-ல இருந்து இதுக்குன்னே தனிச்சட்டம் இருக்கு, கையெழுத்தாகி அஞ்சு வேலை நாளுக்குள்ள ஓனர் பதிவு பண்ணணும், வாங்குறவரு மூணு வேலை நாளுக்குள்ள மனசு மாறினா ரத்து பண்ணிக்கலாம், அவரு தவறினாலும் உடனே ஆப்ஷனை வெட்டிவிட முடியாது, நோட்டீஸ் குடுத்து சரி பண்ண டைம் தரணும். என்னைக் கேட்டா இதை ஓனர்களும் வரவேற்கணும், பதிவு பண்ண பயப்படுற ஓனர்கிட்ட ஆப்ஷன் வாங்கவே கூடாது. நான் இன்னொண்ணும் பண்ணேன், லோன் ஸ்டேட்மெண்ட்டை மூணு மாசத்துக்கு ஒருதரம் அவருக்கு மெயில் பண்ணிடுவேன். சட்டம் கேக்கல, ஆனா அவரு நிம்மதியா தூங்கினாருல்ல.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் எவ்வளவு மாறும்ங்கிறதுக்கு டெக்சாஸ் ஒரு உதாரணம். 2005-ல அங்க சட்டத்தை மாத்தினதுல இருந்து வீட்டு லீஸ் ஆப்ஷனை தவணைல விக்கிற எக்ஸிக்யூட்டரி காண்ட்ராக்ட் வகைலயே சேத்துட்டாங்க, 180 நாளைக்குள்ள பத்திரம் கைமாறுற மாதிரி இருந்தா தப்பிக்கலாம், அதுக்கு மேல போனா வரிசையா நிபந்தனைகள். டெக்சாஸ்ல இருக்கிற மச்சான் சொன்னான், கலிஃபோர்னியா யூட்யூபர் சொன்னான்னு அதே ஃபார்மை எடுத்து இங்க கையெழுத்து போடாதீங்க. உங்க மாநிலத்து ரியல் எஸ்டேட் வக்கீலுக்கு குடுக்கிற காசு இந்த மொத்த டீல்லயே உருப்படியான செலவு.

சாண்ட்விச் லீஸ் ஆப்ஷன், அதாவது ஒரு ஓனர்கிட்ட நீங்க லீஸ் ஆப்ஷன் எடுத்து அதை இன்னொருத்தருக்கு கூடுதல் விலைக்கு லீஸ் ஆப்ஷன்ல விடுறது, அதைப் பத்தியும் கேக்கிறாங்க. நான் பண்ணது இல்ல, பண்ணவும் மாட்டேன். நீங்க ஓனரே இல்லாத வீட்டுக்கு நீங்க வாக்கு குடுக்கிறீங்க. மேல இருக்கிறவரு சொதப்பினா கீழ இருக்கிறவரு குடும்பத்தோட உங்க வாசல்ல வந்து நிப்பாரு.

நண்பரோட டிராஃப்ட்டுக்கு வர்றேன். அவருகிட்ட நான் சொன்னது, குடிவரப் போறவரை கூட்டிக்கிட்டு முதல்ல ஒரு லோன் ஆஃபீசரைப் போய் பாரு, இன்னிக்கு ஏன் லோன் கிடைக்காது, எது மாறினா கிடைக்கும், அதுக்கு எத்தனை மாசம்னு எழுதி வாங்கு. ஸ்கோரா, கடனா, ரெண்டாவது ரிட்டர்னா, அது எந்தத் தேதில தீருதோ அதுல இருந்து நாலு மாசம் தள்ளி ஆப்ஷன் கடைசி தேதிய போடு. அந்தத் தேதி உன்னோட டாக்ஸ் கணக்குக்கு ஒத்து வருதான்னு பாரு. ஒத்து வரலேன்னா இந்த ஆளுக்கு இந்த வீடு சரிப்படாது, இப்பவே தெரிஞ்சது நல்லதுன்னு விட்டுடு. விலைய அப்ரைசல் எட்டலேன்னா என்ன பண்றதுன்னு ஒரு பாரா எழுது, ரெண்டுல எது கம்மியோ அதுன்னு வைக்கலாம், இல்ல வித்தியாசத்தை பாதிப் பாதி பிரிச்சுக்கலாம், எதுவோ ஒண்ணு, ஆனா எழுது. அவரு வாங்கப்போறேன்னு எப்படி சொல்லணும், எழுத்துலயா, எத்தனை நாள் முன்னாடி, எந்த அட்ரஸுக்கு, அதையும் எழுது, ஏன்னா ஆப்ஷன் கெடு விஷயத்துல கோர்ட்டுங்க ரொம்ப கறார், ஒரு நாள் லேட்டானாலும் உரிமை போயிடலாம். லேட் ஃபீ, நாய், புல்லு எல்லாம் அப்புறம் வரட்டும். எல்லாத்தையும் கேட்டுட்டு அவரு, "அப்போ அந்த நாய் பத்தின பாரா ஓகேதானே?"ன்னாரு.

எங்க க்ளோசிங் மே 22. நார்த் கரோலினால வக்கீல் ஆபீஸ்லதான் க்ளோசிங் நடக்கும், பேப்பர் கட்டு ஒண்ணு பெருசா வச்சிருந்தாங்க. க்ளோசிங் டிஸ்க்ளோஷர்ல டெபாசிட்ங்கிற வரில 8,550-னு இருந்துச்சு, அவரு மனைவி அதுமேல விரலை வச்சு ஒரு தடவை பாத்துட்டு கையெழுத்து போட்டாங்க. சாவி ஏற்கனவே அவங்ககிட்டதான் ரெண்டு வருஷமா இருக்கு, அதனால குடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தோம். ரெண்டு நாள் கழிச்சு கார்ல எதையோ தேடும்போதுதான் பாத்தேன், அந்த வீட்டு கராஜ் ரிமோட் இன்னும் என் டேஷ்போர்டுக்குள்ளயே கிடந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே கொண்டு போய் குடுத்துட்டு வந்தேன், காலிங் பெல் அடிச்சுட்டு வெளிய நின்னு.